முந்தையது, அடுத்தது: பக்கத்தின் அடியில் நிற்கும் இரண்டு சொற்களின் கதை



இணையத்தில் தொடராக வரும் எதையாவது படித்து முடித்தால் பக்கத்தின் அடியில் இரண்டு சொற்கள் நிற்கும். இடப்பக்கம் 'முந்தையது', வலப்பக்கம் 'அடுத்தது'. இவ்வளவுதானே, இதில் என்ன வரலாறு என்று கேட்பீர்கள். வரலாறு நடத்திப் பிழைத்தவனுக்கு எதைத் தொட்டாலும் வரலாறுதான். இந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஆயிரம் வருடக் கதை இருக்கிறது. ரோமாபுரி, கொலோன் நகரத்து அச்சகம், ஜெனீவா பக்கத்து ஆய்வுக்கூடம், நம் ஓலைச்சுவடி எல்லாம் அதில் வரும். பதிவு நீளம். அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள்.

புத்தகம் முதலில் சுருளாகத்தான் இருந்தது. எகிப்திலும் கிரேக்கத்திலும் ரோமிலும் பாப்பிரஸ் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, நீளமாக்கி, சுருட்டி வைத்தார்கள். சுருளில் ஒரு நிம்மதி உண்டு: வரிசை கலையாது. ஒட்டிய தாள் ஒட்டியதுதான். 'அடுத்தது எங்கே?' என்ற கேள்வியே எழாது. கஷ்டம் வேறு இடத்தில். நடுவில் ஒரு வரியைத் தேட வேண்டுமென்றால் கை வலிக்க விரித்துக்கொண்டே போக வேண்டும்.

கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமில் மடித்துத் தைத்த ஏடு தலைகாட்டுகிறது. மார்ஷியல் என்ற கவிஞர், தம் கவிதைகள் ஒரு கையில் அடங்கும் தோல் ஏடாகவும் கிடைக்கும், பயணத்துக்கு வசதி என்று தம் நூலுக்குள்ளேயே விளம்பரம் செய்துகொண்டிருக்கிறார். எங்கே வாங்கலாம் என்று கடை அடையாளமும் சொல்கிறார். அடுத்த மூன்று நான்கு நூற்றாண்டுகளில் சுருள் மெல்லப் பின்வாங்கியது. இப்போது எந்தப் பக்கத்தையும் சட்டென்று திறக்கலாம். ஆனால் புதிய தலைவலி ஒன்று வந்தது. ஏடு தனித்தனிக் கட்டுகளாகத் தயாராகும். நம் அச்சகங்களில் 'பாரம்' என்போமே, அதேதான். சில தாள்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஒரு கட்டு. அப்படி இருபது முப்பது கட்டுகள் பைண்டர் கைக்குப் போகும். அவர் அந்த மொழி படிக்கத் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஒரு கட்டு இடம் மாறினால் போதும், ராஜா செத்த பிறகு அவருக்குப் பட்டாபிஷேகம் நடக்கும்.

இதற்கு எழுத்தர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒரு கட்டின் கடைசிப் பக்கத்தில், கீழ் ஓரத்தில், அடுத்த கட்டின் முதல் சொல்லைத் தனியாக எழுதி வைத்துவிடுவது. பைண்டர் இந்தச் சொல்லையும் அடுத்த கட்டின் முதல் சொல்லையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். பொருள் புரிய வேண்டாம், வடிவம் ஒத்துப்போனால் சரி. ஆங்கிலத்தில் இதை கேட்ச்வேர்டு என்பார்கள். ஐரோப்பாவில் 11ஆம் நூற்றாண்டு அளவில் இது தென்படத் தொடங்குகிறது. அரபுச் சுவடிகளில் வெகு பரவலான வழக்கம். அச்சு வந்த பிறகும் இது போகவில்லை. வெனிஸில் 1470 அளவில் அச்சான டாசிட்டஸ் நூலில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் பரவலாகி, 18ஆம் நூற்றாண்டின் கடைசி வரை ஐரோப்பிய நூல்களில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இப்படி ஒரு சொல் தொங்கிக்கொண்டிருக்கும். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து போட்டிருப்பதைப் பார்த்தால் கவனியுங்கள், வலது கீழ் மூலையில் அநாதையாக ஒரு சொல் நிற்கும். அது அச்சுப் பிழை இல்லை. 'அடுத்தது' என்ற பொத்தானின் பாட்டன்.

நமக்கு இந்த உத்தி புதிதல்ல. ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் தொடக்கமாக வருவதற்கு அந்தாதி என்று பெயர் வைத்தவர்கள் நாம். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தே அந்தாதித் தொடையில் அமைந்தது. நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1102 பாசுரங்களும் ஒரே சங்கிலி. கேட்ச்வேர்டு பைண்டருக்காக, அந்தாதி மனப்பாடம் செய்பவருக்காக. வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கும் பிள்ளை தடுமாறி நிற்கும்போது முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுப்போமே, அந்த வேலையை அந்தாதி தானே செய்துகொள்ளும். வாத்தியார் தேவையில்லை.

பக்க எண் வேறு கதை. 1455 அளவில் வந்த குட்டன்பர்க் பைபிளில் அச்சிட்ட பக்க எண் கிடையாது. 1470இல் கொலோனில் அர்னால்டு தெர் ஹோர்னென் என்ற அச்சகர் ஒரு சிறு பிரசங்க நூலில் தாள்களுக்கு எண் அச்சிட்டார். எண் நிற்பது மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, வலது ஓரத்தின் நடுவில். எங்கே வைப்பது என்று அப்போது ஒரு வழக்கமே உருவாகவில்லை பாருங்கள். 1499இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ், பெரோட்டி எழுதிய 'கார்னுகோப்பியா' என்ற பெரிய லத்தீன் நூலை வெளியிட்டபோது பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டார், வரிகளுக்கும் எண் போட்டார். பொருளடைவில் தேடுபவர் நேராக அந்த வரிக்கே போக வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேட்ச்வேர்டு 'என் அடுத்த வீட்டுக்காரர் இன்னார்' என்று சொல்கிறது. எண் 'தெருவில் நான் இத்தனையாவது வீடு' என்று சொல்கிறது. அடுத்த வீட்டுக்காரரின் பெயர் தெரிந்தால் தெரு முழுக்க ஒவ்வொருவராகப் போய்விடலாம், ஆனால் நடுவில் ஒரு வீடு இடிந்தால் பயணம் அங்கேயே நின்றுபோகும். எண் இருந்தால் இடிந்த வீட்டைத் தாண்டிப் போகலாம். எது இல்லை என்பதும் தெரியும். புறநானூற்றில் 267ஆம் 268ஆம் பாட்டுகள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு பாட்டு இல்லை என்பது தெரியும், அவற்றின் இடமும் தெரியும். ஏன்? வரிசை எண் இருந்ததால். நம் ஓலைகளிலும் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டெண் இருக்கும். கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தால் அடுக்குவதற்கு அதுதான் துணை. ஓரம் பூச்சி அரித்துப்போன சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரிந்ததே.

இனி ஒரே தாவலாக 1945க்கு வருகிறேன்.

அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் 'அட்லாண்டிக்' மாத இதழில் வானிவர் புஷ் ஒரு கட்டுரை எழுதினார். போர்க்காலத்தில் அமெரிக்க விஞ்ஞானிகளின் ஆராய்ச்சியை ஒருங்கிணைத்தவர் அவர். மேசை அளவில் ஒரு கற்பனை இயந்திரத்தை அதில் வர்ணித்தார். பெயர் மெமெக்ஸ். உள்ளே மைக்ரோஃபிலிமில் ஒரு நூலகமே இருக்கும். ஒரு நூலின் ஒரு பக்கத்தையும் இன்னொரு நூலின் ஒரு பக்கத்தையும் படிப்பவரே முடிச்சுப் போட்டு வைக்கலாம். இன்றைய இணைப்பின் முன்னோடி என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் பகுதி இது. எனக்குப் பிடித்தது வேறு பகுதி. அந்த மேசையில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. வலப்பக்கம் லேசாகத் தள்ளினால் ஒவ்வொரு பக்கமாக நகரும். இன்னும் தள்ளினால் பத்துப் பத்துப் பக்கமாக. மேலும் தள்ளினால் நூறு நூறாக. இடப்பக்கம் தள்ளினால் அதே மாதிரி பின்னோக்கி. பொருளடைவின் முதல் பக்கத்துக்குப் போகத் தனியாக ஒரு பொத்தான். எதையும் எதோடும் இணைக்கலாம் என்று கனவு கண்டவரே, அடுத்த பக்கம், முந்தைய பக்கம், உள்ளடக்கம் மூன்றையும் மறக்கவில்லை. அந்த இயந்திரத்தை யாரும் கட்டவில்லை என்பது தனி விஷயம்.

1980களின் நடுவில் ரிச்சர்ட் ஸ்டால்மனின் க்னூ திட்டத்தில் கையேடுகளைக் கணினித் திரையிலேயே படிக்க 'இன்ஃபோ' என்ற வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் ஒரு வரி இருக்கும்: நெக்ஸ்ட் இன்னது, ப்ரெவ் இன்னது, அப் இன்னது. விசைப்பலகையில் என், பி, யு என்ற மூன்று எழுத்துகளைத் தட்டினால் அடுத்ததற்கும் முந்தையதற்கும் மேலே உள்ள அத்தியாயத்துக்கும் போகலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் தட்டிப் பார்க்கலாம். 'மேலே' என்ற அந்த மூன்றாவது வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் தெரியாத ஊரில் இறங்கியவனுக்கு முதலில் தேவை அதுதான். ஆரம்பத்தில் கையேட்டை எழுதுபவர் ஒவ்வொரு பகுதிக்கும் இந்த மூன்று பெயர்களையும் கைப்பட எழுத வேண்டும். நடுவில் ஒரு பகுதியைச் செருகினால் பக்கத்தில் உள்ளவற்றையும் திருத்த வேண்டும். பிறகு, அத்தியாய வரிசையைப் பார்த்து மென்பொருளே அந்தப் பெயர்களைப் போட்டுக்கொள்ளும்படி செய்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

இப்போது ஜெனீவா. செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் தன் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1990 கடைசியில் முதல் உலாவியை உருவாக்கினார். அவர் உட்கார்ந்து எழுதிய கணினி, ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேறித் தொடங்கிய நிறுவனத்தின் கணினி. அதன் பெயரே 'நெக்ஸ்ட்'! நான் கட்டிச் சொல்லவில்லை, நிஜம்.

அந்த முதல் உலாவியின் மெனுவில் 'நெக்ஸ்ட்', 'ப்ரீவியஸ்' என்று இரண்டு கட்டளைகள் இருந்தன. அவை வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். ஒரு பட்டியல் பக்கத்தில் பத்து இணைப்புகள் இருக்கின்றன. நீங்கள் மூன்றாவதைத் தொட்டு உள்ளே போகிறீர்கள். படித்து முடித்து 'நெக்ஸ்ட்' கொடுத்தால், பட்டியலுக்குத் திரும்பாமலேயே நான்காவது இணைப்பின் பக்கம் வந்து நிற்கும். 'ப்ரீவியஸ்' என்றால் இரண்டாவது. பக்கம் எழுதியவர் அடியில் எதுவும் போட வேண்டாம். பக்கத்துக்குத் தன் அண்டை வீட்டார் யார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பட்டியலுக்குத் தெரிந்தால் போதும். ஒரே பக்கம் இரண்டு பட்டியல்களில் இருந்தால், எந்தப் பட்டியல் வழியாக வந்தீர்களோ அதன்படி 'அடுத்தது' மாறும். என் அபிப்பிராயத்தில் இணையத்தில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு பிறகு வரவில்லை.

ஆனால் அது நிலைக்கவில்லை. 1993இல் அமெரிக்காவிலிருந்து மொசைக் உலாவி வந்தது. படங்களோடு அழகாக இருந்தது, ஊரெங்கும் பரவியது. அதில் 'பேக்', 'ஃபார்வர்டு' என்ற பொத்தான்கள். அதன் வழியில் வந்த நெட்ஸ்கேப்பிலும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலும் அதே. இன்று உங்கள் கைபேசியில் இருப்பதும் அதே.

'பேக்' என்பதும் 'முந்தையது' என்பதும் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். கல்யாண வீட்டிலிருந்து நேராக மூன்றாம் பாடத்துக்கு வந்து உட்கார்ந்த பையனிடம் 'பின்னால் போ' என்றால் கல்யாண வீட்டுக்குத்தான் போவான். இரண்டாம் பாடத்துக்குப் போக மாட்டான். 'பேக்' வாசகன் நடந்த பாதை. 'முந்தையது' நூல் எழுதியவர் போட்ட பாதை. மொசைக்குக்குப் பிறகு உலாவிகள் முதலாவதை மட்டும் பார்த்துக்கொண்டன. இரண்டாவது, எழுதியவர் தலையில் விழுந்தது.

தரம் வகுத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1997 ஜனவரியில் வந்த ஹெச்டிஎம்எல் 3.2, அதே ஆண்டு டிசம்பரில் வந்த 4.0 இரண்டிலும் ஒரு வசதி உண்டு. பக்கத்தின் தலைப்பகுதியில், வாசகர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், 'எனக்கு அடுத்தது இந்தப் பக்கம், முந்தையது இந்தப் பக்கம்' என்று எழுதி வைக்கலாம். உலாவி அதைப் படித்துத் தன் சட்டத்திலேயே அம்புக்குறி காட்டலாம். வேண்டுமானால் அடுத்த பக்கத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றுகூட 4.0 விதியில் எழுதியிருக்கிறது. இன்றைய விதிகளிலும் இது நீடிக்கிறது. படமே காட்டாத லிங்க்ஸ் உலாவி அதை மதித்துக் காட்டியது. பின்னாளில் ஓப்பராவும் மொசில்லாவும் அதற்கென்று ஒரு பட்டையே வைத்தன. கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்திய பெரிய உலாவிகள் கண்டுகொள்ளவில்லை. கடிதத்தில் முகவரி எழுதியிருக்கிறது, தபால்காரர் படிக்கவில்லை என்ற கதை.

அதனால்தான் பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியும்படி 'முந்தையது, அடுத்தது' என்று எழுதுபவரே போட வேண்டி வந்தது. 1990களின் முதல் பாதியில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நிக்கோஸ் டிராகோஸ் என்பவர், கணித நூல்களை எழுதப் பயன்படும் லாடெக் கோப்புகளை இணையப் பக்கங்களாக மாற்றும் ஒரு மென்பொருள் செய்தார். அது ஒவ்வொரு பக்கத்திலும் நெக்ஸ்ட், அப், ப்ரீவியஸ் என்று மூன்று சின்னப் பொத்தான் படங்களைத் தானே போட்டுவிடும். அந்தக் காலத்துப் பல்கலைக்கழகப் பாடக் குறிப்புகளில் ஏராளமானவை இந்த அடையாளத்தோடுதான் இருக்கும். பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

இங்கே ஸ்டாட்டிக் தளம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு தனி ஃபைல். நீங்கள் கேட்டால் சர்வர் அதை அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே கொடுக்கும். உள்ளே டேட்டாபேஸ் கிடையாது, கணக்குப் போட ஆள் கிடையாது. செலவு குறைவு, கெட்டுப்போக ஒன்றுமில்லை, பத்து வருடம் கழித்தும் திறக்கும். ஆனால் ஓர் ஃபைலுக்குப் பக்கத்து ஃபைலைப் பற்றி எதுவும் தெரியாது. நாம் எழுதி வைத்தால்தான் உண்டு. 12ஆம் பாடத்துக்கும் 13ஆம் பாடத்துக்கும் நடுவில் புதிதாக ஒன்று செருகினால், 12இல் 'அடுத்தது' மாற வேண்டும், 13இல் 'முந்தையது' மாற வேண்டும், புதியதில் இரண்டும் எழுத வேண்டும். ஒன்றைத் தொட்டால் மூன்று ஃபைல். கணினிக்காரர்கள் இந்த மாதிரிச் சங்கிலியை லிங்க்டு லிஸ்ட் என்பார்கள். 1950களின் நடுவில் நியூவெல், ஷா, சைமன் என்ற மூவர் உருவாக்கியது. கணினிக்கு அது சுலபம். கையால் செய்யும் மனிதனுக்கு ஒரு கண்ணி தவறினாலும் சங்கிலி அறுந்துபோகும்.

அறுந்த சங்கிலிக்கு நல்ல உதாரணம் உண்டு. 1994இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டெனிஸ் ஹவ் 'யூரோப்பா' என்ற ஒன்றைத் தொடங்கினார். ஒருவருடைய தளம் அடுத்தவர் தளத்தைச் சுட்டும், அது அதற்கடுத்ததை, இப்படியே போய் கடைசியில் முதல் தளத்துக்கே திரும்பும் வளையம். அபிராமி அந்தாதியில் நூறாம் பாட்டு முடியும் சொல் முதல் பாட்டின் தொடக்கத்தோடு போய்ச் சேருமே, மண்டலித்தல் என்று இலக்கணக்காரர்கள் சொல்வது, அதே அமைப்பு. அபிராமி பட்டர் பாட்டில் நடுவே யாரும் ஓடிப்போக முடியாது. இணையத்தில் போவார்கள். ஒருவர் தளத்தை மூடினால் வளையம் அங்கேயே அறுந்தது. 1995இல் சேஜ் வைல் என்ற அமெரிக்க இளைஞர் 'வெப்ரிங்' தொடங்கியபோது நடுவில் ஒரு பட்டியல் வைக்கும் முறை வந்தது. தளங்கள் அடுத்தவரைச் சுட்டாமல் மையத்தைச் சுட்டும். மையம் பட்டியலைப் பார்த்து அடுத்தவரிடம் அனுப்பும். ஒருவர் போனால் பட்டியலில் ஒரு வரியை அடித்தால் போதும். ஆனால் மையம் படுத்தால் எல்லா வளையமும் சேர்ந்து படுக்கும். எதிலும் ஒரு விலை இருக்கிறது.

நான் பணி ஓய்வுக்குப் பிறகு என் பாடக் குறிப்புகளை 38 பக்கங்களாக ஒரு ஸ்டாட்டிக் தளத்தில் போட்டிருக்கிறேன். அமைத்துக் கொடுத்தவர் என் பழைய மாணவர், இப்போது சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். அடியில் முந்தையது அடுத்தது வேண்டும் என்றேன். "எதுக்கு ஐயா? எல்லாரும் கூகுள்ல தேடி நேரா அந்தப் பக்கத்துக்கே வந்துடறாங்க. யாரு வரிசையா படிக்கிறா?" என்றார்.

"நேரா வந்து நடுவுல குதிக்கிறாங்கல்ல, அதனாலதான் வேணும்ப்பா" என்றேன்.

என் தளத்தில் அதிகம் பேர் வந்து இறங்கும் பக்கம் வேலூர்ப் புரட்சி. 1806 ஜூலை 10. புதிய தலைப்பாகை, நெற்றியில் குறி இடக்கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகள், அதனால் சிப்பாய்கள் எழுந்தார்கள் என்பது பரீட்சைக்குப் போதும். ஆனால் எழுந்தவர்கள் கோட்டையில் திப்புவின் புலிக்கொடியை ஏன் ஏற்றினார்கள்? திப்புவின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அது முந்தைய பக்கத்தில் இருக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்த பிறகு, அவர் குடும்பத்தைக் கம்பெனிக்காரர்கள் அங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். சென்னை கவர்னராக இருந்த வில்லியம் பெண்டிங்க் என்ன ஆனார்? அது அடுத்த பக்கம். திரும்ப அழைக்கப்பட்டார், ஆனால் 1828இல் கவர்னர் ஜெனரலாகவே திரும்பி வந்தார், சதி ஒழிப்புச் சட்டம் போட்ட அதே பெண்டிங்க்தான். நடுப்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிறவருக்கு வேலூர் ஒரு தொப்பிச் சண்டை. மூன்றையும் படித்தவருக்கு வேறு. வரலாற்றில் வரிசை அலங்காரம் இல்லை, பாதி விளக்கமே வரிசைதான்.

மாணவர் ஒத்துக்கொண்டாரா தெரியாது, செய்து கொடுத்தார். செய்த முறை எனக்குப் பிடித்திருந்தது. பக்கங்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக உள்ள ஒரே ஒரு பட்டியல் ஃபைல். இருபது முப்பது வரியில் ஒரு சின்ன நிரல். அது பட்டியலைப் படித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே இருப்பதை முந்தையதாகவும் கீழே இருப்பதை அடுத்ததாகவும் எழுதிவிடும். முதல் பக்கத்தில் முந்தையது வராது, கடைசிப் பக்கத்தில் அடுத்தது வராது. புதிய பாடம் சேர்க்க வேண்டுமானால் பட்டியலில் ஒரு வரி செருகி நிரலை ஓட்டினால் ஆயிற்று. கைப்பட எழுதுவதை விட்டுவிட்டு இன்ஃபோ கையேட்டுக்காரர்கள் வந்து சேர்ந்த இடமும் இதுதான். முதல் உலாவியில் பெர்னர்ஸ்-லீ பட்டியலிடம் விட்ட வேலையும் இதுதான்.

நான் கேட்டு வாங்கிய மாற்றம் ஒன்று உண்டு. வெறுமனே 'அடுத்தது' என்று போடாமல், அதன் பக்கத்திலேயே தலைப்பையும் போட வேண்டும். 'முந்தையது: ஸ்ரீரங்கப்பட்டணம் 1799' என்று இருந்தால் கை தானாகப் போகும். வெறும் அம்புக்குறியைப் பார்த்து யாருக்கும் ஆசை வராது. கேட்ச்வேர்டு எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அம்புக்குறிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: உருது, அரபித் தளங்களில் 'அடுத்தது' இடப்பக்கம் போகும்.

வலைப்பூக்கள் வந்தபோது இந்த இரண்டு சொற்களும் தலைகீழாகப் புரண்டன. 2001இல் வந்த மூவபிள் டைப் மென்பொருள் பதிவுகளை ஸ்டாட்டிக் பக்கங்களாகவே எழுதி வைக்கும். நீங்கள் புதிய பதிவு போட்டால் நேற்றைய பதிவின் பக்கத்தையும் அது திரும்ப எழுத வேண்டும், இல்லாவிட்டால் நேற்றையதற்கு இன்றையது பிறந்ததே தெரியாது. அது சரி. ஆனால் வலைப்பூவில் புதியது மேலே, பழையது கீழே. கீழே படித்துக்கொண்டு போகிறவருக்கு 'அடுத்தது' என்றால் பழையதா, புதியதா? ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக வைத்தார்கள். 'பழையவை', 'புதியவை' என்று எழுதித் தப்பித்தவர்கள் புத்திசாலிகள்.

2006இல் அஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் உருளும் பக்கத்தை உருவாக்கினார். அடிக்கு வந்தால் அடுத்தது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், பொத்தானே வேண்டாம். செய்தவரே பின்னாளில் இதற்காக வருத்தம் தெரிவித்தார். இந்தப் பதிவையும் நீங்கள் அப்படி உருட்டித்தான் வந்தடைந்திருப்பீர்கள். பாப்பிரஸ் சுருளுக்கே திரும்பிவிட்டோம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் சுருளுக்கு ஒரு முடிவு இருந்தது. ஒட்டிய வரிசையும் கலையாமல் இருந்தது. இந்தச் சுருள் நாளைக்குத் திறந்தால் வேறு வரிசையில் இருக்கும்.

கூகுள் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011 செப்டம்பரில் அவர்கள், 'தலைப்பகுதியில் அடுத்தது முந்தையது என்று எழுதி வையுங்கள், ஒரு தொடரின் பக்கங்கள் என்று புரிந்துகொள்கிறோம்' என்று அறிவித்தார்கள். உலகெங்கும் தளம் வைத்திருப்பவர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். 2019 மார்ச்சில், 'அதை நாங்கள் சில ஆண்டுகளாகவே பயன்படுத்துவதில்லை' என்றார்கள். அதற்குள் எத்தனை பேர் எத்தனை ராத்திரி விழித்து எழுதியிருப்பார்கள்! உடனே பலர் எடுத்தும்விட்டார்கள். நான் எடுக்கச் சொல்லவில்லை. கூகுளுக்காகப் போட்டிருந்தால் அல்லவா எடுக்க?

கடைசியாக ஜியோசிட்டீஸ். 1990களில் சாதாரண மனிதர்கள் இலவசமாகப் பக்கம் போட்டுக்கொண்ட பெரிய ஊர் அது. 1999இல் யாஹூ வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. மூடுவதற்கு முன் இன்டர்நெட் ஆர்க்கைவும் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்களும் அள்ளிக்கொள்ள முடிந்ததை அள்ளினார்கள். எல்லாம் வரவில்லை. அவற்றில் சிலவற்றை நான் சாவகாசமாகப் பார்ப்பதுண்டு. யாரோ ஒருவர் தன் தாத்தாவின் போர்க்கால அனுபவத்தைப் பகுதி பகுதியாக எழுதியிருப்பார். நான்காம் பகுதி இருக்கும். அடியில் ஒரு பச்சை அம்புக்குறி, பக்கத்தில் அடுத்த பகுதியின் தலைப்பு. தொட்டால் ஒன்றும் வராது, அந்த ஃபைல் சேமிப்பில் இல்லை. ஆனால் ஐந்தாம் பகுதி என்று ஒன்று இருந்தது, அதில் தாத்தா கப்பலில் ஊர் திரும்பினார் என்பது வரைக்கும் அந்த ஒரு வரியிலிருந்து தெரிந்துவிடுகிறது.